வலையா, சவர்க்காரமா, வேப்பெண்ணெயா? மலைநாட்டு மரக்கறிப் பாத்திக்கு எது சரிவரும்

வீட்டுத்தோட்டப் பூச்சிக்கு மருந்தில்லாத வழி என்று தமிழில் தேடினால் வருவதில் முக்கால்வாசி தமிழ்நாட்டுச் சமவெளிக்காக எழுதியது. வாசலில் வேப்பமரம் நிற்கும், நாள் முழுக்க வெயில் அடிக்கும், சாயந்திரம் தெளித்தால் இரண்டு நாளைக்கு மழை வராது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குறிப்புகள் எல்லாம் ஓடுகின்றன. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தியில் கோவாவும் போஞ்சியும் போட்டிருக்கிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. வேம்பு உலர்வலய மரம். வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் தெருவுக்குத் தெரு நிற்பது நம்ம குளிரிலும் ஈரத்திலும் தேறாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு எழுந்து போகலாம். மழை விடாமல் பெய்கிற மேற்குச் சரிவில் வலையும் கையும்தான் முதல். தெளிக்கிற எதுவும், எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும், அதற்குப் பிறகுதான். ஊவாப் பக்கத்தில் (வெலிமடை, பதுளைப் பக்கம்) வெயில் மாதங்களில் சவர்க்காரத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். வெள்ளைப்பூண்டுக் கரைசலை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். போயிலைத் தண்ணீர் பக்கமே போகவேண்டாம்.

முதலில் மழை, அப்புறம் வாய்

எந்த முறையை எடுப்பது என்று யோசிக்கும் முன் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். ஒன்று, இன்னும் இரண்டு மூன்று நாளைக்கு வானம் எப்படி. மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா என்று மேற்குப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை விழும் இடங்களில் ஒன்று. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடை, பண்டாரவளை, பதுளை எல்லாம் காய்ந்து கிடக்கும், கச்சான் காற்று வேறு மண்ணை உறிஞ்சும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கு மழை ஊவாவுக்கு இறங்கும்போது கதை தலைகீழ். ஆகவே ஹட்டனில் இருக்கிற அக்காவும் வெலிமடையில் இருக்கிற தங்கச்சியும் ஜூலை மாதம் ஒரே குறிப்பைப் படித்து ஒரே மாதிரிச் செய்தால் ஒருவருடைய காசு தண்ணீரில்தான் போகும்.

இதில் நமக்கு ஒரு அனுகூலமும் இருக்கிறது. அடைமழை சின்னப் புழுக்களையும் தளிரில் அப்பிக் கிடக்கும் அழுக்கணவனையும் (அசுவினி) அடித்துக் கழுவிவிடும். கோவாப் புழுவின் தொல்லை அதிகமாவது காய்ந்த மாதங்களில்தான். அதாவது தெளிக்க முடியாத மாதத்தில் தெளிக்கவேண்டிய தேவையும் குறைவு. அந்த மாதங்களில் வேறு ஒரு ஆள் வரும், நத்தை. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது, பூச்சி எப்படிச் சாப்பிடுகிறது. இலையைக் கடித்துத் தின்கிறதா (கோவாப் புழு, வெட்டுப்புழு), சாற்றை உறிஞ்சுகிறதா (அழுக்கணவன், வெண் ஈ, பனிப்பூச்சி எனும் த்ரிப்ஸ்), இல்லை இலைக்கும் தண்டுக்கும் உள்ளேயே குடியிருக்கிறதா (போஞ்சித் தண்டைக் குடையும் ஈயின் புழு, இலையில் வெள்ளைக் கோடு போடும் சுரங்கப் பூச்சி)? மூன்றாவது ரகத்துக்கு வெளியே எதைத் தெளித்தாலும் பெரிதாகப் பயனில்லை. முதல் ரகத்துக்குச் சவர்க்காரம் பெரிதாக ஒன்றும் செய்யாது. இரண்டாவது ரகத்தைக் கையால் பொறுக்கிக் கட்டுப்படியாகாது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

வலை

பழைய நுளம்பு வலை ஒன்று எல்லா வீட்டிலும் கிடக்கும். அதை மூங்கில் சிம்பையோ பழைய தண்ணீர் பைப்பையோ வில்லாக வளைத்து, பாத்திக்கு மேலே கூடாரமாகப் போட்டு, ஓரத்தை மண்ணாலும் கல்லாலும் அமுக்கிவிட்டால் அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் இலைக்கு வந்து முட்டையிட வழியில்லை. முட்டை இல்லாவிட்டால் புழு இல்லை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதன் வேலை நடந்துகொண்டே இருக்கும், கழுவிப்போக அதில் ஒன்றுமில்லை. கோவா, நோக்கோல், ராபு, சலாது மாதிரி இலைப்பயிருக்கு, அதுவும் மலையில், இதைவிடச் சிறந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பலர் போட்டுவிட்டு “வலைக்குள்ளேயும் புழு வந்துவிட்டது” என்கிறார்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. நாற்று நட்ட அன்றே போடாமல் ஓட்டை விழுந்த பிறகு போடுவது ஒன்று: அப்போது முட்டையும் புழுவும் ஏற்கெனவே உள்ளே இருக்கும், வெளியே இருந்தால் குருவியும் குளவியும் கொத்தியிருக்கும், இப்போது நீங்களே அதற்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கடையில் வாங்கிய நாற்றின் இலையைத் திருப்பிப் பார்க்காமல் நடுவதும் இதே கதைதான். அடுத்தது வில்லைத் தாழ்வாக வளைப்பது. கோவா வளர்ந்து இலை வலையைத் தொட்டால் வெளியில் இருந்தபடியே முட்டை வைத்துவிடும். மூன்றாவது, ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி.

வலைக்கு வேறு குறைகளும் உண்டு. நுளம்பு வலையின் கண் வழியே அழுக்கணவனும் பனிப்பூச்சியும் நுழைந்துவிடும். உள்ளே காற்றோட்டம் குறைந்து ஈரம் தங்கும், அதனால் மழை மாதத்தில் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் வலை போடுவது, இலையைக் கருக்கும் வெளிறல் நோய்க்கு வெற்றிலை வைத்து அழைப்பு. போஞ்சி தன் மகரந்தத்தையே வைத்துக் காய்க்கும் என்பதால் பூக்கும்போதும் வலை இருக்கலாம். பூசணி, வெள்ளரி, சௌசௌவுக்குத் தேனீ வரவேண்டும், பூத்தவுடன் எடுத்துவிடுங்கள். ஜூன், ஜூலைக் காற்று வலையைப் பிடுங்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் எறிந்துவிடும், அதற்கு நாலு மூலையிலும் கயிறு போட்டு முளை அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. (குரங்குக்கு வலை தடையா என்று கேட்காதீர்கள். அது வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடும்.)

கை

மருந்து விளம்பரம் பார்த்துப் பழகிய நமக்குக் கையால் பொறுக்குவது ஏதோ பரிதாபமான வழியாகத் தோன்றுகிறது. இருபது முப்பது கோவாச் செடிக்கு அதுதான் மிகத் துல்லியமான முறை. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, சின்ன மஞ்சள் முட்டையை விரலால் தேய்த்துவிட்டு, பச்சைப் புழுவைப் பிடுங்கி ஒரு சவர்க்காரத் தண்ணீர் டின்னில் போடவேண்டியதுதான். தொட்டால் துள்ளி நூல் விட்டுக் கீழே தொங்குமே, அதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. நசுக்குவதற்கு முன் கையைக் கீழே ஏந்திக்கொள்ளுங்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய விரலுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து கிள்ளிவிட்டு, ஆறு மணிக்கு இருட்டப்போகும் நேரத்தில் வீடு வருகிற ஒருத்தியிடம் “தினமும் சாயந்திரம் இலை இலையாகத் திருப்பிப் பார்” என்று சொல்வது எழுதுகிறவருக்கு லேசு. அதனால்தான் நான் கையை வலையோடு சேர்த்தே சொல்கிறேன். வலை போட்டால் பார்க்கவேண்டியது வாரத்துக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் காய்ந்த மாதத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை.

குளிருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பூச்சிக்குச் சொந்தச் சூடு கிடையாது, சுற்றியிருக்கும் காற்றின் சூட்டில்தான் வளரும். 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிற நுவரெலியாவில் ஒரு தலைமுறை வளர்ந்து முடிக்க எடுக்கும் காலத்தில் பதுளையில் இரண்டாவது தலைமுறை பாதி வழியில் இருக்கும். நுவரெலியா, கந்தப்பளை ஆட்களுக்குக் கை போதும் என்று தைரியமாகச் சொல்லலாம். பதுளை, பசறைப் பக்கம் கை மட்டும் என்றால் ஓடிப் பிடிக்க முடியாது.

வெட்டுப்புழுவுக்குத் தெளிப்பதை மறந்துவிடுங்கள். பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடந்து, ராத்திரி வந்து நாற்றின் கழுத்தை அறுத்துவிட்டுப் போகிற ஆள் அது. விடிந்து பார்த்தால் செடி சாய்ந்து கிடக்கும். சாய்ந்த செடியின் அடியில் இரண்டு விரல் ஆழம் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடப்பது கிடைக்கும், அதை எடுக்காவிட்டால் அடுத்த ராத்திரி பக்கத்துச் செடி. வராமல் தடுக்க, யோகட் கப்பின் அடியை வெட்டிவிட்டு நாற்றைச் சுற்றி வளையமாகக் குத்தி வையுங்கள், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. காசு செலவில்லை, பலனும் உறுதி. பாத்தி கொத்தும் அன்று கோழியைத் திறந்துவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வரைக்கும் பொறுக்கித் தின்னும். நட்ட பிறகு கோழியை உள்ளே விடாதீர்கள், புழுவைவிட அதுதான் பெரிய நாசம்.

நத்தை பூச்சி இனமே இல்லை, ஆனாலும் மழை மாதத்தில் சலாதுவையும் கோவா நாற்றையும் தின்று தீர்ப்பது அதுதான். ஓடு உள்ளதும் ஓடில்லாத வழுவழுப்பானதும் இரண்டும் வரும். நனைத்த சாக்கையோ பழைய பலகையையோ சாயந்திரம் பாத்தி ஓரத்தில் போட்டு வைத்தால் விடியும்போது அதற்கடியில் கூடியிருக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். பியர் வைத்துப் பிடிக்கும் யோசனையை எல்லாரும் எழுதுகிறார்கள். நம்ம ஊரில் பியர் விற்கிற விலைக்கு நத்தைக்கு ஊற்றுகிறவர் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

சவர்க்காரத் தண்ணீர்

உறிஞ்சும் பூச்சிக்கு முதலில் எடுக்கவேண்டியது இதுதான், வேப்பெண்ணெய்கூட இதற்கு அடுத்துத்தான். சவர்க்காரம் பூச்சியின் மேல்தோலில் இருக்கும் மெழுகைக் கரைத்து அதைக் காயவைத்துவிடும். அழுக்கணவன், வெண் ஈயின் குஞ்சு, சிற்றுண்ணி மாதிரி மென்மையான உடம்புக்கு இது போதும். துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்திலிருந்து பத்துக் கிராம் கரைத்தால் சரி. சலவைத்தூள் வேண்டாம், அது இலையைக் கருக்கும்.

இதில் மலைநாட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் அழுக்காகத் திரளும்; அப்படித் திரண்ட சவர்க்காரம் பூச்சிக்கு ஒன்றும் செய்யாது. நம்ம பீலித் தண்ணீர் மென்தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத்துக்கே நன்றாக நுரைக்கும். ஆகவே அங்கே எழுதிய அளவை இங்கே அப்படியே எடுத்தால் சில சமயம் இலை கருகும். குறைந்த அளவில் தொடங்கி, ஒரு செடியில் தெளித்து, ஒரு நாள் விட்டுப் பார்த்து, அப்புறம் மற்றதுக்குப் போங்கள்.

பூச்சியின் மேல் ஈரமாக இருக்கும்வரைதான் இதற்கு உயிர். காய்ந்தால் முடிந்தது, மிச்ச வீரியம் என்று ஒன்றும் இல்லை. அதனால் அடிப்பக்கத்தில் படும்படி தெளிக்கவேண்டும், மேலே மட்டும் தெளித்துவிட்டுப் போனால் தெளித்ததற்கும் தெளிக்காததற்கும் வித்தியாசம் இல்லை. வெயில் ஏறும் முன்னோ இறங்கிய பின்னோ தெளிப்பது நல்லது. மிச்ச வீரியம் இல்லாததில் ஒரு நன்மையும் இருக்கிறது: மழைக்கு முன் இரண்டு மணிநேரம் கிடைத்தாலே வேலை முடிந்துவிடும். மழை இடைவெளி விட்டு விட்டுப் பெய்கிற ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் வேப்பெண்ணெயைவிட இது எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

தெளிக்கும் முன் அழுக்கணவன் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் சிவப்புப் பொறிவண்டோ, முதலை வடிவத்தில் கறுப்பாக ஓடும் அதன் குஞ்சோ இருந்தால், அல்லது சில அழுக்கணவன்கள் உப்பிப் பழுப்பு உருண்டையாக மாறியிருந்தால் (உள்ளே சிறு குளவியின் குஞ்சு வளர்கிறது), கையை இறக்குங்கள். ஒரு வாரம் விட்டால் அவர்களே முடித்துவிடுவார்கள். பாத்தி ஓரத்தில் கொத்தமல்லியைப் பூக்க விட்டால் இந்தக் கூட்டாளிகள் சாப்பாட்டுக்கு வந்துபோவார்கள்.

வேப்பெண்ணெய்

வேம்பைக் குறை சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். குறை சொல்லவில்லை, எதிர்பார்ப்பைச் சரிசெய்கிறேன். வேம்பில் வேலை செய்யும் அசாடிராக்டின் இருப்பது முக்கியமாக விதைப் பருப்பில். இலையில் மிகக் குறைவு. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் இறக்குமதி செய்யத் தடை போட்டபோது (நவம்பரில் எடுத்தும்விட்டார்கள்) கிடைத்த இலையை எல்லாம் கொதிக்கவைத்துத் தெளிக்கிற பழக்கம் பல இடத்தில் தொற்றியது. வேப்பிலைக் கஷாயத்தைப் புழு பெரிதாகப் பொருட்படுத்தாது. விதை கிடைத்தால் நல்லது: ஐம்பது கிராம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சவர்க்காரம் சேர்த்துத் தெளிக்கலாம். வடக்கிலோ மட்டக்களப்பிலோ சொந்தக்காரர் இருந்தால் வரும்போது ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வாங்கவேண்டும், லீற்றருக்கு ஐந்து மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி.

வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்று: நுவரெலியாவில் அந்தப் போத்தல் நெய் மாதிரி உறைந்துவிடும். உறைந்ததைத் தண்ணீரில் போட்டு ஆட்டினால் கட்டி கட்டியாக மிதந்து தெளிப்பானின் வாயை அடைக்கும், கட்டி பட்ட இடத்தில் இலை கருகும். போத்தலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவைத்து இளக்கி, முதலில் சவர்க்காரத்தோடு நன்றாகக் குழைத்துப் பால் நிறம் வந்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். சவர்க்காரம் இல்லாமல் கோவா இலையில் எதுவும் நிற்காது, அந்த இலை முழுக்க மெழுகு, துளி உருண்டு ஓடிவிடும்.

வேம்பு உடனே கொல்லாது. புழுவுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போகும், தோல் உரிக்க முடியாமல் போகும், அப்படியே சில நாளில் சாகும். தெளித்த மறுநாள் புழு உயிரோடு இருக்கிறது என்று திரும்பவும் இரண்டு மடங்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. இலையில் புது ஓட்டை விழுகிறதா என்று பார்க்கவேண்டும், புழு அசைகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. பெரிய புழுவுக்கு இது அவ்வளவாக எடுபடாது, பொரித்த புதிதில் இருப்பதற்குத்தான். வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும், மழை பட்டால் அன்றே போய்விடும். ஆகவே ஜூலையில் வெலிமடைக்கு வாரம் ஒருமுறை சாயந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம், அதே ஜூலையில் மஸ்கெலியாவுக்கு வாங்கவே வேண்டாம்.

பீ.டி. என்று ஒன்று இருக்கிறதே

பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பக்டீரியாவில் செய்த தூள். புழு இலையோடு சேர்த்துத் தின்றால் குடல் ஓட்டையாகி, சில மணிநேரத்தில் சாப்பிடுவதை நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். தேனீக்கும் பொறிவண்டுக்கும் நமக்கும் ஒன்றும் செய்யாது, அழுக்கணவனுக்கும் ஒன்றும் செய்யாது. கோவாப் புழுவுக்கு வேப்பெண்ணெயையும் இதையும் பக்கத்தில் வைத்தால் நான் இதைத்தான் எடுப்பேன், வேகமும் அதிகம், வாடையும் இல்லை. இதையும் வெயிலும் மழையும் தின்னும் என்பது வேறு. கிடைப்பதுதான் சிக்கல்: சின்னப் பொட்டலமாக எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, நாலு பாத்திக்கு ஒரு பெரிய பக்கெட் வாங்குவது வீண், லயத்தில் நாலைந்து வீடு சேர்ந்து வாங்கினால் சரிவரும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் பேசிப் பார்க்கலாம்.

ஆனால் இதையே வாரா வாரம் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். வைரமுதுகுப் பூச்சி சாமானியமானது இல்லை. 1953இல் ஜாவாவில் டீ.டீ.ரி. பூச்சிமருந்துக்கே எதிர்ப்புக் காட்டிய பயிர்ப்பூச்சி அது; பின்னாளில் தோட்டத்தில் வைத்தே பீ.டி.க்கும் எதிர்ப்புப் பழகிய முதல் பூச்சியும் அதுதான். பக்கத்துக் கோவாக்காரர் டேங்க் டேங்காக அடித்தும் புழு சாகவில்லை என்று புலம்புவதற்கும் இதுதான் காரணம், கடைக்காரர் ஏமாற்றினார் என்று எப்போதும் சொல்ல முடியாது. வலையையும் விரலையும் எதிர்க்கும் பூச்சி மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக

அடுப்புச் சாம்பல்: காய்ந்த காலையில் போஞ்சித் தளிரில் இருக்கும் அழுக்கணவன் மேல் தூவினால் ஓரளவு கேட்கும், நத்தைக்கும் தடை, ஆனால் நனைந்தவுடன் வெறும் உரம்தான். தேயிலை மண் புளித்த மண் என்பதால் சாம்பல் மண்ணுக்குக் கெடுதல் செய்யாது. உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் அளவாகப் போடுங்கள், மண் காரமாகும்போது கிழங்கின் தோலில் சொறி வரும்.

கொச்சிக்காய், வெள்ளைப்பூண்டு அரைத்த கரைசல்: வாடை போகும்வரை கொஞ்சம் விரட்டும், பிறகு வந்துவிடும். கண்ணும் கையும் எரிவது உங்களுக்குத்தான். வெள்ளைப்பூண்டு விலைக்கு அதைக் கறியில் போடுவதே நியாயம்.

கடுகு: கோவாவைச் சுற்றி ஒரு வரிசை கடுகு விதைத்தால் அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடும், இது உண்மைதான். ஆனால் புழு வந்த கடுகைப் பிடுங்கி அழிக்கவேண்டும், விட்டுவைத்தால் நீங்கள் பூச்சிப் பண்ணை நடத்துகிறீர்கள். இரண்டு பாத்தி உள்ள வீட்டுக்கு இடமும் போதாது.

மஞ்சள் பொறி: மஞ்சள் பெயின்ட் அடித்த டின்னில் கிரீஸ் தடவித் தொங்கவிட்டால் வெண் ஈ, சுரங்கப் பூச்சி, இறக்கை முளைத்த அழுக்கணவன் எல்லாம் ஒட்டும். பூச்சி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நல்ல கருவி. தொல்லையை ஒழிக்காது, நல்ல குளவியும் அதில் மாட்டும். ஒன்றிரண்டு போதும்.

பயிர் பயிராக

கோவா, நோக்கோல் பற்றிச் சொல்லியாயிற்று. தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் வெண் ஈ, பனிப்பூச்சிதான் தலைவலி, அவை சாறு உறிஞ்சுவதைவிட வைரஸைப் பரப்புவதுதான் பெரிய சேதம். சவர்க்காரத் தண்ணீரோடு, சுருண்ட செடியை இரக்கமில்லாமல் பிடுங்கி எரிப்பதும் சேர்ந்தால்தான் பலன். லீக்ஸ், கரட், பீட்ரூட்டுக்கு வீட்டளவில் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை, பூச்சியோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்கள் பேசாமல் இவற்றையே கூடப் போடலாம்.

போஞ்சிக்கு நேரம் செலவழிக்கத் தகும். முளைத்து இரண்டு இலை விட்ட உடனேயே ஒரு சின்னக் கறுப்பு ஈ இலையில் முட்டை வைக்கும், புழு உள்வழியாக இறங்கித் தண்டின் அடிக்குப் போகும், செடி மஞ்சளாகித் தண்டு வீங்கி வெடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் எந்தப் போத்தலைத் திறந்தும் பயனில்லை. முளைத்த நாளிலிருந்து முதல் மூன்று வாரம் வலைக்குள் வைப்பது சிறந்தது, பந்தல் குச்சி நடும்போது எடுத்துக்கொள்ளலாம். வலை இல்லாவிட்டால் தண்டைச் சுற்றி மண் அணையுங்கள். அடிபட்ட இடத்துக்கு மேலே புது வேர் விட்டு செடி பிழைத்துக்கொள்ளும். ஒரே பாத்தியில் போஞ்சிக்குப் பின் போஞ்சி வேண்டாம். வாடிய செடியை வரம்பில் எறியாமல் எரித்துவிடுங்கள், உள்ளே கூட்டுப்புழு இருக்கும்.

உருளைக்கிழங்கு இலையில் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் கோடு விழுந்த அடி இலைகளைக் கிள்ளி எரிப்பதோடு நிறுத்துங்கள். இந்தச் சுரங்கப் பூச்சிக்கு இயற்கையில் குளவி எதிரிகள் நிறைய, உலகத்தில் பல இடங்களில் கடுமையான மருந்து அடித்து அந்தக் குளவியைக் கொன்ற பிறகுதான் அது பெரிய பூச்சியாக ஆனது. பச்சை இலை போதுமான அளவு மிச்சமிருந்தால் கிழங்கு விளைந்துவிடும். கிழங்கைத் துளைக்கும் அந்துக்கு, மண்ணை நன்றாக அணைத்துக் கிழங்கு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

போயிலைத் தண்ணீர்

கடைசியாக இதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது நன்றாக வேலை செய்யும், அதுதான் ஆபத்து. வெற்றிலையோடு போடுகிற போயிலையை ஊறவைத்துத் தெளித்தால் அழுக்கணவன் பொத்துப் பொத்தென்று விழும். உள்ளே இருப்பது நிக்கொட்டின், தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறக்கூடிய கடும் நஞ்சு. தலைசுற்றல், வாந்தி, நெஞ்சு படபடப்பு எல்லாம் தெளித்த அன்றே வரலாம். பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில், பீலிக்குப் பக்கத்தில் வைத்துக் கலக்குகிற பொருளா அது? செடியிலிருந்து வந்தது என்பதால் மருந்தில்லாத வழி ஆகிவிடாது. போதாததற்குப் போயிலையில் இருக்கும் மொசைக் வைரஸ் அந்தக் கரைசலோடும் கையோடும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். வெற்றிலை போடுகிறவர்கள் தக்காளிச் செடியைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.